புதுச் சாமானில் ஒரு நத்தை

போன மாதம், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். பையைத் திறந்து நாலு வகைச் சொட்டு மருந்து, நிறம் மாறுகிற தாள், புட்டியில் அடைத்த நல்ல கிருமி என்று எல்லாவற்றையும் என் மேசைமேல் பரப்பினார். இதெல்லாம் இல்லாத காலத்தில் புதுத் தொட்டியை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். நிறைய மீனைக் கொன்று போட்டோம் என்றேன். பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். நம் தொழிலில் உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் இவ்வளவு பேர் கடை நடத்த முடிகிறது.

அவர் போன பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் கடை போட்டு, கண்ணாடித் தொட்டியும் கலர் மீனும் விற்றே காலத்தை ஓட்டியவன் நான். கடையைக் கைமாற்றிவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். என் வீட்டில் மீன் தொட்டி கிடையாது. பார்த்தது போதும். மணல் எவ்வளவு கொட்டுவது, காற்று மோட்டாரை எங்கே வைப்பது என்பதையெல்லாம் உங்கள் கையில் இருக்கிற போனே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தொழிலில் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விஷயம். புதுத் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி மீனை விட்டால், மீன் போடுகிற கழிவு அந்தத் தண்ணீரிலேயே நஞ்சாகும். அதைத் தின்று தீர்க்கிற கிருமிகள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை அந்தத் தொட்டி எத்தனை பளிச்சென்று இருந்தாலும் மீனுக்குச் சுடுகாடுதான். நீங்கள் இதைச் 'சைக்கிளிங்' என்கிறீர்கள். நாங்கள் 'தண்ணி பழகணும்' என்போம். ஏன் பழகணும், எது பழகணும் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது.

எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னவர் மெட்ராஸில் நான் வேலை கற்றுக்கொண்ட கடையின் முதலாளி. என் அப்பா நெல்லும் நிலக்கடலையும் போடுகிறவர். திங்கிற மீனை விற்கிறவனைப் பார்த்திருக்கிறேன், பார்க்கிற மீனை விற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று திட்டித்தான் ரயிலேற்றி விட்டார். அந்த முதலாளிக்கு மீனைப் பற்றித் தெரிந்ததைவிட மனிதர்களைப் பற்றி அதிகம் தெரியும். முதல் தடவை வாங்குகிற மீன் தொட்டிக்கு, இரண்டாம் தடவை வாங்குகிறதுதான் வீட்டுக்காரருக்கு என்பார். செத்த மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு யாராவது அழாத குறையாக வந்தால், "உங்க வீட்டுக்கு நாலு நாள்ல யாராச்சும் வந்திருந்தாங்களா?" என்று கேட்பார். யார் வீட்டுக்குத்தான் ஆள் வரவில்லை? மச்சினன் வந்தான், ஓரகத்தி வந்தாள் என்று அவர்கள் யோசித்துச் சொல்வார்கள். அப்படியா, கண்ணு பட்டிருக்கு என்று உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு செட்டு மீனைக் கொடுப்பார். அதற்குள் தண்ணீர் பழகியிருக்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். கண் திருஷ்டி கழித்த பெருமை முதலாளிக்கு. அவர் கெடுத்த குடும்ப உறவுகளை எண்ணி மாளாது.

கடை வாசலைத் தாண்டிச் சாகிற மீனுக்குக் கடைக்காரன் பொறுப்பில்லை என்பது அவருடைய இன்னொரு பாடம். இதையும் நன்றாகவே படித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் எனக்கு வாய்த்த முதல் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர். ஒருவர் வக்கீல். டாக்டர் தொட்டிக்குத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுவார். கல்லை எல்லாம் ஊசி போடுகிற ஏனங்களோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார். தினமும் தண்ணீரை மாற்றுவார். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. அவர் கைபட்டுப் பிழைத்த மனிதர்கள் ஊரெல்லாம் உண்டு, மீன் ஒன்றுகூடக் கிடையாது. வக்கீல் அதற்கு நேர்மாறு. தொட்டியைக் கழுவுவதற்கும் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டும். கண்ணாடியெல்லாம் பாசி, அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல், பெரிதும் சிறிதுமாக நத்தைக் கூட்டம். மீன்கள் மட்டும் கட்சிக்காரர் பணத்தில் சாப்பிட்டவை மாதிரி கொழுகொழுவென்று இருந்தன.

இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஒருநாள் வக்கீல் வீட்டு மணலில் ரெண்டு கை அள்ளி, துணியில் முடிந்து, டாக்டருக்குத் தெரியாமல் அவர் தொட்டியில் புதைத்துவிட்டேன். தண்ணீரை ஒரு மாதம் யாரும் தொடக்கூடாது, மருந்து போட்டிருக்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன். மீன் பிழைத்துக்கொண்டது. கடைசியில் கொதிக்கவைத்த பலன் கிடைத்துவிட்டது என்று டாக்டர் ஊரெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை. அழுக்குக்குத்தான் அந்தக் குணம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத கண்டுபிடிப்பு.

இனிமேல்தான் நான் சொல்லவந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. எங்கள் பக்கம் பெரிய வீட்டு அம்மாக்களை ஆச்சி என்போம். அந்த வீட்டு ஆச்சியின் இளைய மகளுக்குக் கல்யாணம். ஆச்சியின் வீட்டுக்காரர் மலேயாவில் தொழில் செய்பவர். அங்கே ஏதோ ஓட்டலில் மீன் தொட்டியைப் பார்த்து மயங்கி, மகளுக்கு அதுபோல ஒன்று கொடுத்துவிட வேண்டும் என்று கடிதம் போட்டிருக்கிறார்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், வெள்ளி, மங்குச் சாமான், மரச்சாமான், பாய், தலையணை, உப்புப் போட்டு வைக்கிற மரவையிலிருந்து இரும்புப் பெட்டி வரைக்கும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். எல்லாம் ஜோடியாக, டஜனாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாம் புதுசாக இருக்கவேண்டும். ஒருதரம் புழங்கின கரண்டி அதில் கலந்திருந்தால்கூட, அந்தப் பெண் அதைப் பற்றிய பேச்சைப் பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வரிசையில்தான் என் தொட்டி நிற்கப்போகிறது. ஆச்சி முதலில் கேட்டதே, தொட்டி புதுசுதானே, யாரும் புழங்கினதில்லையே என்றுதான். புத்தம் புதுசு என்று சொன்னேன். எத்தனை மீன் வரும் என்று கேட்டார்கள். ஆறு என்றேன். "ஆறா? கரண்டியே மூணு டஜன் வச்சிருக்கேன் தம்பி," என்றார்கள். அதற்குமேல் விட்டால் இடம் போதாது என்று சொல்லி, அரை டஜனுக்குச் சம்மதிக்க வைத்தேன். கறுப்பு மீன் ஆகாது, தங்க மீனாகத்தான் இருக்கவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. எல்லா மீனையும்விடத் தங்க மீன்தான் தண்ணீரை அதிகம் கெடுக்கும். ஆனால் தங்கம் என்று பேர் இருக்கும்போது நான் என்ன சொல்லி என்ன?

கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே இருந்தது. தண்ணி பழகணும் என்று சொல்லி, தொட்டியை அப்போதே வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் வைத்து, தண்ணீர் நிரப்பி, நாலைந்து சின்ன மீன்களை விட்டுவிட்டு வந்தேன். யாரும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், தொட்டி வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டுப் பளபளவென்று இருக்கிறது. சின்ன மீன்கள் ஒரு எவர்சில்வர் சட்டியில் கிடக்கின்றன. மணலைக் கொதிக்க வைத்து, மொட்டை மாடியில் வடகம் மாதிரி காயப்போட்டிருக்கிறார்கள். ஆச்சி முகத்தில் அவ்வளவு பெருமை.

"தண்ணி கலங்கிப் போய்க் கிடந்துச்சு தம்பி. கண்ணாடியெல்லாம் வழவழன்னு ஆயிப்போச்சு. அப்படியா வச்சிட்டுப் போவீக? மூணு பேரை விட்டுப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன்."

ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டுச் சுவரே முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசி இழைத்தது. கிட்டே போனால் நம் முகம் தெரியும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். அழுக்கு என்பது அடுத்த வீட்டுக்காரன் விவகாரம் என்று நினைத்து வளர்ந்தவர்களிடம் போய், ஆச்சி, கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்று சொன்னேன். எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"எம்மகளுக்கு அழுக்கைக் கொடுத்து விடச் சொல்றீகளா?"

இனிமேல் கல்யாணம் வரைக்கும் தினமும் தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்கள்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். அங்கே கல்யாணப் பெண் நின்றுகொண்டிருந்தது. சிகப்பி என்று பேர். இருபது வயதுக்குள்தான் இருக்கும். அம்மா கண்ணில் படாமல் என்னிடம் பேசவேண்டும் என்றே வந்திருக்கிறது.

"அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. இது அங்குட்டுப் போயும் உசுரோட இருக்குமா?"

இப்போது இருக்கிற நிலையில் இருக்காது என்றேன். இரண்டு நாளைக்கு நீந்தும், ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக மிதக்கும்.

சிகப்பி தன் அக்கா கதையைச் சொன்னது. அக்கா கல்யாணத்துக்குச் சீமைச் சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டில் மாட்டின மூன்றாம் நாளே அது நின்றுபோனது. அந்த வருஷமே அந்த வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது என்பது யாருக்கும் கணக்கில் வரவில்லை.

"அக்கா இன்னும் அந்தக் கடிகாரத்துக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கா. அது உசுரு இல்லாத சாமான். இது செத்தா என்னைய என்ன சொல்லுவாக? நீங்க வித்துட்டுப் போயிருவீக அண்ணே. நான்ல அங்குட்டு இருக்கணும்."

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது மெட்ராஸ் முதலாளி என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது. பரப்புகிற அன்று காலையில் ஆறு மீனைக் கொண்டுபோய் விடு, எல்லோரும் பார்த்து வாயைப் பிளக்கட்டும், சாயந்தரம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பு, அதற்கப்புறம் அவர்கள் பாடு என்று சொல்கிறார். அவர் சொன்னபடி செய்திருந்தால் எனக்கு ஒரு சேதாரமும் இல்லை. மீன் செத்தாலும் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்பதற்குத்தான் அந்த வீட்டில் புதிதாக ஒருத்தி வந்திருப்பாளே. இதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் போய் அரை டஜன் தங்க மீன் வாலில் கட்டிவிட்டார்களே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வழி எனக்குத் தெரியும். வக்கீல் வீட்டு மணல்தான். ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் செய்ததுபோல இதைச் செய்ய முடியாது. இது கல்யாணச் சாமான். இன்னொரு வீட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த அழுக்கை, புதுசு என்று பரப்புகிற பொருளுக்குள் வைப்பது அந்த ஊரில் சாதாரணக் காரியமில்லை. வெளியே தெரிந்தால் மீன் செத்ததைவிடப் பெரிய பேச்சாகும். யாருக்கு அந்தப் பேச்சு வருமோ அவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று பட்டது. மறுபடியும் போனேன். ஆச்சி பத்திரிகை வைக்கக் கிளம்பிப் போயிருந்தார்கள். சிகப்பியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு வீட்டு அழுக்கு?"

ஒரு வக்கீல் வீட்டுது என்றேன்.

"அவுக வீட்டுல மீனு சாகுமா?"

செத்து நான் பார்த்ததில்லை என்றேன்.

"அப்பக் கொண்டாங்க. அம்மாகிட்டச் சொல்ல வேணாம். தண்ணி மாத்துற வேலையை நானே பாத்துக்கிறேன்னு சொல்லிப்புடுறேன்."

வக்கீலிடம் போய் ஒரு வாளி மணல் வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அள்ளிக்கொள், தொட்டியைக் கழுவின மாதிரியும் ஆயிற்று என்றார். அவருடைய வாய்தா ஒருவழியாக முடிந்தது. மெல்லிய துணியில் அந்த மணலை முடிந்து, தண்ணீரோடு வாளியில் வைத்துக் கானாடுகாத்தான் கொண்டுபோனேன். ஆச்சி இல்லாத நேரமாகப் பார்த்து, புது மணலுக்கு அடியில் புதைத்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஆறு தங்க மீன்களையும் விட்டேன். சிகப்பி தினமும் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போகும், அப்படியே திரும்பி வரும். ஆச்சி மகளின் பொறுப்பைப் பார்த்துப் பூரித்துப்போனார்களாம்.

சாமான் பரப்புகிற நாளும் வந்தது. தொட்டியைக் கூடத்தில் வெள்ளிச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்து, உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு நான் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசாதவர்கள். அவர்களுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு ஏனத்தையும் விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்டார்கள். கவிழ்த்துப் பேர் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். மெத்தைத் தையலைக்கூட இழுத்துப் பார்த்தார்கள். சுங்க இலாகாவில் இருந்திருந்தால் அரசாங்கத்துக்கு நல்ல வருமானம்.

தொட்டிக்கு முன்னால் வந்ததும் எல்லோரும் ஆ என்று நின்றுவிட்டார்கள். அத்தை மட்டும் குனிந்தார்கள்.

"இதென்ன, நத்தையா?"

அந்த மணல் மூட்டையின் வெளிப்பக்கம் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்த நத்தை ஒன்று, இத்தனை நாள் அடியில் கிடந்துவிட்டு, இன்றைக்கென்று பார்த்து முன் கண்ணாடியில் நட்டநடுவே ஏறிக்கொண்டிருந்தது. கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். என் கண்ணுக்கு யானை அளவு தெரிந்தது.

"புதுச் சாமான்ல நத்தை எங்குட்டு இருந்து வந்துச்சு?"

ஆச்சிக்கும் அப்படி ஒரு ஜீவன் உள்ளே இருப்பது அப்போதுதான் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் சிகப்பி தலையைக் குனிந்து நின்றது. தப்பு நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று நான் வாயைத் திறந்தால் வக்கீல் வீட்டு வண்டல் வரைக்கும் வந்துதான் நிற்கும்.

"அது தானா வந்ததில்லைங்க ஆச்சி. தனியாச் சொல்லி வரவழைச்சது. கண்ணாடி துடைக்கிற நத்தை. கப்பல்ல வந்தது."

அத்தையிடம் வாய் கூசாமல் சொன்னேன். அத்தை இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்கள். நல்லவேளையாக நத்தையும் என் பக்கம் சாட்சி சொன்னது. அது போன வழியெல்லாம் கண்ணாடியில் கோடு போட்ட மாதிரி துடைத்துவிட்டுத்தான் போயிருந்தது. அத்தை நிமிர்ந்தார்கள். மீனுக்கு வேலைக்காரியும் வைத்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்கள்.

"மத்ததெல்லாம் ஜோடியா வச்சிருக்கீக. இது மட்டும் ஒத்தையா?"

எனக்கு இதற்குமேல் பொய் ஓடவில்லை. ஆச்சிதான் கண்ணை இமைக்காமல் பதில் சொன்னார்கள்.

"இன்னொண்ணு உள்ளுக்குள்ள இருக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணுதான் வேலை பாக்கும்."

எல்லோரும் பந்திக்குப் போனதும் ஆச்சி என் பக்கத்தில் வந்து, சாயந்தரத்துக்குள் இன்னொன்று ஏறி நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். முதல் நத்தை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை. நான் காரைக்குடிக்கு ஓடினேன். வக்கீல் வீட்டில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் நத்தைக்குப் பஞ்சமில்லை.

கல்யாணம் முடிந்து சாமான் லாரி ஏறும்போது இன்னொரு வம்பு. மீன்கள் வெள்ளி அண்டாவில்தான் போகவேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். எனக்கோ உலோக ஏனம் எதிலும் மீனை விட மனசில்லை. கடைசியில் பிளாஸ்டிக் வாளியில் மீனை விட்டு, வாளியை வெள்ளி அண்டாவுக்குள் இறக்கி, மேலே பட்டுத்துணி போட்டு மூடினோம். வக்கீல் வீட்டு மூட்டையை ஈரம் காயாமல் நான் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் போனேன். இளையாத்தங்குடிப் பக்கம் மாப்பிள்ளை வீடு. அங்கே மறுபடியும் தொட்டியைப் போட்டு, மூட்டையைப் புதைத்து, மீனை விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் தொட்டியைப் பார்க்கப் போனேன். எனக்கு மாலை போடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் ஒரு காப்பியாவது கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது. பேர் மட்டும் சிகப்பிக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கலர் மீன் வாங்கி ஒரே வாரத்தில் செத்துப்போக, இந்த வீட்டு மருமகள் ராசிக்காரி என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது அந்த அத்தைதான். சிகப்பி என்னிடம் தனியாகச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"மாடு கன்னு போடுற நேரம்னா என்னையத்தான் கூப்பிட்டு நிக்க வைக்கிறாக அண்ணே. யாரு வெளியூரு கெளம்புனாலும் நான்தான் எதிர்ல வரணும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சலு. அப்பவும் எந்திரிச்சு வந்து நின்னேன். அந்த அத்தை வாரப்பல்லாம் மொதல்ல மீனை எண்ணிப் பாத்துட்டுத்தான் உக்காருவாக. இதுக்கெல்லாம் ஆயுசு எம்புட்டு?"

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு வருஷம், சிலது முன்னாலேயும் போகும் என்றேன். மீனைக் காப்பாற்றி அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று இறுமாப்போடு வந்திருந்தேன். அதெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. செத்தால் அவள் ராசி, பிழைத்தாலும் அவள் ராசி. நான் செய்ததெல்லாம் தீர்ப்பைத் தள்ளிவைத்ததுதான்.

"அப்ப ஒண்ணு போனா நான் சொல்லி விடுறேன். இதே மாதிரி, இதே அளவுல ஒண்ணு உங்க கடையில இருக்கணும்," என்றது சிகப்பி.

இருக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து என் கடையில் விற்பனைக்கு இல்லாத ஒரு தொட்டி உண்டு. அதில் அந்த வீட்டு மீன்களோடு சேர்ந்து வளர்கிற மாதிரி நாலைந்து தங்க மீன்களை எப்போதும் வைத்திருப்பேன். ஏன் விற்கமாட்டேன் என்கிறாய் என்று கேட்காத வாடிக்கைக்காரர் இல்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் தாளும் சொட்டு மருந்தும் தண்ணீரைப் பற்றி எல்லாம் சொல்லும். யார் வீட்டில் தொட்டி போடப்போனாலும், இந்த மீன் செத்தால் இங்கே யார் பேச்சு வாங்குவார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். பிள்ளையாக இருக்கும், மருமகளாக இருக்கும், சில வீட்டில் வேலைக்காரம்மாவாக இருக்கும். அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் சிகப்பி வீட்டில் முதல் மீன் போயிற்று. தொட்டியைப் பார்க்க வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது. ஒரு தூக்குவாளியில் மாற்று மீனைக் கொண்டுபோய், தொட்டி பழுது பார்க்கிற மாதிரி பாவனை செய்து, விட்டுவிட்டு வந்தேன். ஆறு ஆறாகவே இருந்தது. அடுத்த வருஷம் இன்னொன்று. மறுபடியும் தூக்குவாளி.

அந்த இரண்டாம் தடவை முகப்பில் மாமியார் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாமான் பார்க்க வந்து பேசாமல் நின்ற அதே அம்மாதான். கும்பிட்டேன். வாளியைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். மதியச் சாப்பாடு என்றேன். பக்கத்தில் வரச்சொல்லி, உள்ளே ஒருதரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்கள்.

"போன தடவை நீங்க கொண்டாந்ததுக்கு வால் குட்டை தம்பி. எங்க நாத்தனா மீனை எண்ண வாரப்பல்லாம் தொட்டி வெளக்கை அமத்தி வச்சே எனக்கு அலுத்துப்போச்சு. இந்தத் தடவையாச்சும் பாத்துக் கொண்டாந்தீகளா?"

வாளியின் மூடியைத் திறந்து காட்டினேன். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

"இது சரியா இருக்கு. உள்ள போங்க. எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிறாதீக, பாவம், பயந்துரும்."

சரிங்க ஆச்சி என்று மூடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.